யாருக்கு இந்த எச்சரிக்கை?

சளி மாத்திரை, வயிற்றுப்பிடிப்பு மாத்திரை, அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. இவற்றில் பலவற்றோடு வரும் தாளில் 'கிளாக்கோமா உள்ளவர்கள் கவனம்' என்று ஒரு வரி இருக்கும். கிளாக்கோமாவுக்கு, அதாவது கண் நீரழுத்த நோய்க்கு, சொட்டு மருந்து போடுகிறவர் அதைப் படித்துப் பயப்படுகிறார். உண்மையில் பயப்பட வேண்டியவரோ அதைப் படிப்பதே இல்லை. தன் கண்ணில் கோளாறு இருப்பது அவருக்குத் தெரியாது.

கண்ணுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 3 மைக்ரோலிட்டர் நீர் சுரக்கிறது. கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸுக்குப் பின்னால் சுரக்கும் இந்த நீர் கண்மணி வழியாக முன்னே வந்து, கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடைத் திசு வழியே வடிகிறது. சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் நிற்கும்.

கண்மணியைச் சுருக்கும் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். அதைத் தடுப்பவையே ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள். குளோர்பெனிரமின், டைசைக்ளோமின், ஆக்ஸிபியூட்டினின், அமிட்ரிப்டிலின் எல்லாமே ஏதோவொரு அளவில் இந்த வேலையைச் செய்கின்றன. தசை தளர்ந்து கண்மணி பாதி விரியும்போதுதான் சிக்கல். அமைப்பிலேயே கோணம் குறுகிய கண்ணில், ஐரிஸ் லென்ஸோடு ஒட்டி நீரின் வழியை மறிக்கிறது. பின்னால் தேங்கிய நீர் ஐரிஸை முன்னே தள்ள, வடிகால் அடைபடுகிறது. சில மணி நேரத்தில் அழுத்தம் 50ஐத் தாண்டக்கூடும். இதுதான் கோணம் மூடும் வகை கிளாக்கோமாவின் திடீர்த் தாக்குதல்.

நெபுலைசரில் போடும் இப்ராட்ரோப்பியமும் இதே வகைதான். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மருந்துப் புகை நேராகக் கண்ணில் படும். குறுகிய கோணம் உள்ளவர்களுக்கு வாய்க்குழாய் வழியாகக் கொடுப்பது பாதுகாப்பானது.

கோணம் திறந்த வகை கிளாக்கோமாவில் வடிகால் இப்படி மூடிக்கொள்வதில்லை. அதனால் ஆபத்து மிகக் குறைவு. குறுகிய கோணத்துக்கு லேசரால் ஐரிஸில் சிறு துளை இட்டுக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலும் பயமில்லை, நீர் போக மாற்றுவழி இருக்கிறது. நாற்பதைக் கடந்தவர்கள், பெண்கள், தூரப் பார்வைக்கே பிளஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்கள், குடும்பத்தில் கோணம் மூடும் வகை கிளாக்கோமா உள்ளவர்கள் ஆகியோருக்குக் குறுகிய கோணம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆசியர்களிடம் இது கூடுதல்.

தாக்குதல் வந்தால் கண் சிவந்து கடுமையாக வலிக்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், பார்வை மங்கும். கூடவே தலைவலியும் வாந்தியும் வருவதால், ஒற்றைத் தலைவலி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்துப் பொன்னான நேரத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. சிகிச்சை தாமதமானால் பார்வை நரம்பு பழுதாகும். இழந்த பார்வை திரும்பாது.

தாக்குதலுக்கு முன்னால் அழுத்தம் சரியாகவே இருக்கலாம். எனவே கண் பரிசோதனைக்குப் போகும்போது 'பிரஷர் எவ்வளவு?' என்பதோடு நிறுத்தாமல், 'கோணம் எப்படி இருக்கிறது?' என்றும் கேளுங்கள். கோனியோஸ்கோப்பி என்ற எளிய சோதனை அதைச் சொல்லிவிடும். ஏற்கெனவே கிளாக்கோமா உள்ளவர்கள், தங்களுடையது எந்த வகை என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த எச்சரிக்கை வரி தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.