'விருப்பப்பட்டால் 12 மணி நேரம்': தொழிலாளியின் விருப்பம் எங்கிருந்து வருகிறது?

தியாகதுருகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்ப்பீங்க?" என்று கேட்டால், பதில் மணிக்கணக்கில் வராது. "என்ன வேலை?" என்ற எதிர்க்கேள்விதான் வரும். களையெடுப்பு என்றால் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போய் மதியத்துக்கு மேல் திரும்பிவிடலாம். கரும்பு வெட்டு என்றால் விடிவதற்குள் வயலில் நிற்க வேண்டும். அங்கே கூலி டன் கணக்கு. எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு காசு. களையெடுப்பில் வெயில் ஏறியதும் கரையேறப் பார்க்கிறவரே, கரும்பு சீசனில் இருட்டும்வரை அரிவாளைக் கீழே வைக்க மாட்டார். ஆள் மாறவில்லை. கூலி கணக்கிடும் முறைதான் மாறியிருக்கிறது.

இது ஏன் இப்போது முக்கியம்? கள்ளக்குறிச்சி மாவட்டம் தொழிற்சாலைகளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 17 அன்று, உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க தைவானின் பௌ சென் நிறுவனத்துடன் தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. சுமார் 20,000 பேருக்கு வேலை என்று சொல்லப்பட்டது. சரியாக நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன.

அந்த மசோதா 65-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. தினசரி 9 மணி, வாரம் 48 மணி என்ற வரம்பு, ஓய்வு இடைவேளை, மிகைநேர ஊதியம் தொடர்பான பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அது அதிகாரம் தந்தது. அரசு சொன்ன விளக்கம்: வாரத்துக்கு 48 மணி நேரம்தான், தினமும் 12 மணி வீதம் 4 நாள் வேலை, 3 நாள் விடுமுறை, அதுவும் விரும்புகிற தொழிலாளர்களுக்கு மட்டும். ஏப்ரல் 24-ல் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

மசோதா போய்விட்டது. 'விரும்பினால்' என்ற சொல் மட்டும் போகவில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, தினமும் 8 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. அதற்கு மேல் மிகைநேரம் வாங்கத் தொழிலாளியின் ஒப்புதல் வேண்டும், இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்கிறது. சரி, அந்த ஒப்புதல் எப்படி உருவாகிறது?

பழைய பொருளாதாரப் பாடம் எளிமையானது. ஒவ்வொருவருக்கும் ஓய்வு எவ்வளவு, காசு எவ்வளவு என்று மனதில் ஒரு கணக்கு இருக்கும். கூலியைப் பார்த்து நேரத்தைத் தீர்மானிப்பார்கள். 1997-ல் காலின் கேமரர், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்டோர் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களின் பயணக் கணக்கை ஆராய்ந்தபோது இது இடித்தது. நல்ல வருமானம் வரும் நாளில் ஓட்டுநர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், மந்தமான நாளில் கூடுதல் நேரம் ஓட்டினார்கள். 'இன்றைக்கு இவ்வளவு' என்ற இலக்குதான் நேரத்தை முடிவு செய்தது என்றார்கள். ஹென்றி ஃபார்பர் பிறகு இதை மறுத்தார். விவாதம் இன்னும் ஓயவில்லை. நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் இரண்டு கட்சிக்கும் ஆள் கிடைக்கும்.

விருப்பம் காலத்தோடு மாறும் என்பதற்கு அமெரிக்காவின் கெலாக்ஸ் ஆலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. பொருளாதாரப் பெருமந்தத்தில் பலருக்கு வேலை தர, 1930 டிசம்பரில் பேட்டில் கிரீக் நகர ஆலையில் 8 மணி ஷிஃப்ட் மூன்றை 6 மணி ஷிஃப்ட் நான்காக மாற்றினார்கள். மணிக்கூலியையும் உயர்த்தினார்கள். தொழிலாளர்களுக்கு அது பிடித்துப்போனது. தோட்டம், குடும்பம், பந்து விளையாட்டு என்று நேரம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. வாங்க வேண்டிய பொருட்கள் பெருகின, நிர்வாகமும் நீண்ட ஷிஃப்ட்டைத் தள்ளியது. ஒவ்வொரு பிரிவாக 8 மணிக்கு வாக்களித்தது. ஆறு மணி வேலை 'பொம்பளைங்க வேலை' என்ற கேலியும் ஆண்களிடம் கிளம்பியது. கடைசிவரை ஆறு மணியை விடாமல் பிடித்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1985-ல் அதுவும் முடிந்தது. எட்டு மணி என்பது ஐம்பத்தைந்து வருடத்தில் அவர்கள் விருப்பமாகவே மாறியிருந்தது.

சென்னையில் கதை வேறு திசையில் நடந்தது. 1918 ஏப்ரல் 27-ல் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. நாள் முழுவதற்குமான நேரத்தைக் குறைப்பது அப்புறம் வந்த பேச்சு. அப்போது சட்டமே 12 மணி நேரத்தை அனுமதித்தது. 1922-ல் 11, 1934-ல் 10, 1946-ல் 9 என்று இறங்கியது. ஒவ்வொரு இறக்கமும் 'நமக்கு இவ்வளவு கேட்க உரிமை உண்டு' என்ற எண்ணத்தை ஒரு படி நகர்த்தியது.

தியாகதுருகம் பக்கம் அப்படி ஒரு நகர்வு 2006-ல் நடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே அன்றைய விழுப்புரம் மாவட்டம் இருந்தது. ஊருக்குள்ளேயே வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அதுவரை பண்ணையார் சொன்ன நேரத்துக்குப் போனவர்களிடம், ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று வந்தது. "நூறு நாள் வேலை வந்ததிலிருந்து ஆளே கிடைக்கல" என்று விவசாயிகள் புலம்புவார்கள். அதில் உண்மை உண்டு; ஆனால் ஆள் காணாமல் போகவில்லை, பழைய நேரத்துக்கும் பழைய கூலிக்கும் வர மறுத்தார்கள் என்பதே சரி. மாற்றுவழி இல்லாத இடத்தில் நிலைமை வேறு. கல்வராயன் மலையிலிருந்து மிளகு பறிக்கக் கேரளாவுக்கும் காபித் தோட்டங்களுக்குக் கர்நாடகத்துக்கும் போகிறவர்கள், இருக்கும் சில வாரங்களில் முடிந்தவரை உழைத்துக் காசு சேர்க்கவே பார்ப்பார்கள்.

இனி ஆலை வேலை. இந்தியாவின் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. காலணி ஆலைகள் பெண்களையே அதிகம் எடுக்கின்றன. பன்னிரண்டு மணி ஷிஃப்ட், போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தால் பதினான்கு. ஏழு மணி தூக்கம் போக, சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரம். மூன்று நாள் விடுமுறை இதை ஈடுகட்டாது. குழந்தைக்கு விடுமுறை நாளில் மட்டுமா பசிக்கும்? திருமணமாகாத, நகைக்குக் காசு சேர்க்கிற இருபது வயதுப் பெண்ணோ அதே ஷிஃப்ட்டை மனதாரக் கேட்கலாம். இரண்டு குழந்தை பிறந்த பிறகு அவரே மறுக்கலாம். ஒருமுறை வாங்கிய ஒப்புதலை எப்போது, எப்படித் திரும்பப் பெறலாம் என்பதை விதிகள் தெளிவாகச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

வேலைக்குச் சேரும் பெண்களும் வீட்டாரும் முதலில் கேட்பது ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் என்றல்ல. கம்பெனி பஸ் எங்கே நிற்கும், ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்பும் என்றுதான்.