நள்ளிரவில் சோறு கேட்கும் குழந்தை... ஊருக்குப் போய்த் திரும்பிய அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் முதல் 2 வாரங்கள்!

நியூ ஜெர்சியில் அதிகாலை மணி 2.30. முந்தின நாள்தான் சென்னையிலிருந்து வந்து இறங்கிய நான்கு வயதுக் குழந்தையின் வயிற்றுக்கோ அது மதியம் 12 மணி. எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கும். தட்டில் போட்டுக் கொடுத்தால், `பாட்டி ஊட்டினாத்தான் சாப்பிடுவேன்' என்று அழும். அப்பாவுக்குக் காலையில் ஆபீஸ். அம்மாவைச் சுற்றி இன்னும் பிரிக்காத பெட்டிகள். கோடை விடுமுறை முடியும் நேரத்தில், எடிசன் முதல் டாலஸ் வரை பல தமிழ் வீடுகளில் நடக்கும் கதை இது.

டெக்சாஸில் பல பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் பெரும்பாலும் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தையொட்டித்தான் திறப்பார்கள். `லீவு இருக்கும்வரை அம்மா வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம்' என்று கடைசி நாள் வரை இழுத்தால், சிரமப்படுவது குழந்தைகள்தான். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பாவது திரும்பிவிடுவது நல்லது.

தூக்கம் பிடிபட எத்தனை நாள்?

கோடைக்காலத்தில் நியூ ஜெர்சிக்கும் இந்தியாவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். உடம்பு தோராயமாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மாறும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஜெட்லாக் முழுதாகத் தீர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.

உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் முக்கியமானது வெளிச்சம். பகலில் குழந்தைகளைப் பூங்காவில் ஓட விடுங்கள். மாலை 4 மணிக்குக் கண் சொருகும், ஏனென்றால் இந்தியாவில் அது நள்ளிரவு 1.30. அப்போது அரை மணி நேரம் தூங்கவிட்டு எழுப்பிவிடுங்கள். மூன்று மணி நேரம் தூங்கவிட்டால், அன்றைய இரவு உங்களுக்குச் சிவராத்திரிதான்!

நடுராத்திரி பசித்து எழுந்தால் கொஞ்சம் தயிர்சாதமோ வாழைப்பழமோ போதும். சின்ன விளக்கு மட்டும் எரியட்டும். டி.வி., மொபைல் வேண்டாம். அமெரிக்காவில் தூக்கத்துக்கான மெலடோனின் கடைகளிலேயே கிடைக்கிறது என்பதற்காக, மருத்துவரைக் கேட்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பெட்டியில் வந்ததும், வரக்கூடாததும்

சாம்பார் பொடி, அப்பளம், முறுக்கு, மாவடு... பெட்டியைத் திறந்ததும் வீடே ஊர் வாசனை அடிக்கும். ஆனால், கொண்டு வரும் உணவுப்பொருள் எதுவானாலும் அமெரிக்க விமான நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் 10,000 டாலர் வரை அபராதம் விதிக்க விதி இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரலாம் என்பதுதான் காரணம்.

இன்னொரு விஷயம்... ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாயை ஆசையாக ஸ்கூல் டப்பாவில் வைத்துவிடாதீர்கள். வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்காகப் பல வகுப்பறைகளில் அதற்குத் தடை உண்டு. திரும்பிய சில வாரங்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், `இந்தியா போய் வந்தோம்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டெங்கு, டைஃபாய்டு, மலேரியா போன்றவற்றையும் அவர் மனதில் வைத்துப் பார்க்க அது உதவும்.

அது அடம் இல்லை!

தூக்கம் பத்து நாளில் சரியாகிவிடும். மனசு சரியாகத்தான் நாளாகும்.

ஊரில் அந்தக் குழந்தையைச் சுற்றி எப்போதும் நாலு பேர். தாத்தா கடைக்குக் கூட்டிப்போனார், சித்தி தலை சீவிவிட்டாள், பெரியப்பா வீட்டு அண்ணன் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்தான். திடீரென ஒரு நாள் கதவு சாத்திய அப்பார்ட்மென்ட், சத்தமில்லாத தெரு, டே கேர். நேற்று வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று போன் திரையில்! அந்தப் பிரிவைச் சொல்ல அதற்கு வார்த்தை இல்லை. அதனால்தான் சட்டை போட மறுக்கிறது, சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறது, பாத்ரூம் பழகிய பிள்ளை திரும்பப் படுக்கையை நனைக்கிறது.

`அடம் பிடிக்காதே' என்று அதட்டுவதைவிட, `பாட்டி ஞாபகம் வருதா? அம்மாவுக்கும் வருது' என்று சொல்வது பலன் தரும். `நாளைக்கே போகலாம்' என்று பொய் சொல்ல வேண்டாம். ஊரில் எடுத்த போட்டோக்களைப் பிரின்ட் போட்டு, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். டே கேர் ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

பெற்றோரும் இதே ஏக்கத்தில்தான் இருப்பார்கள். பெட்டிகள் ஒரு வாரம் அப்படியே கிடந்தால் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் இரண்டு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். வீட்டில் ஆள் சத்தம் கேட்பதே பாதி மருந்து.

கொண்டு வந்த தமிழைத் தொலைக்காதீர்கள்

ஊருக்குக் கிளம்பியபோது ஆங்கிலத்தில் பதில் சொன்ன பிள்ளை, ஆறு வாரத்தில் `போங்க தாத்தா, நீங்க அழுகுணி ஆட்டம் ஆடுறீங்க' என்று சண்டை போடக் கற்றுக்கொண்டு வந்திருக்கும். எந்தப் பெட்டியிலும் அடங்காத சொத்து அது. பள்ளி திறந்து, நாள் முழுக்க ஆங்கிலமே காதில் விழ ஆரம்பித்தால், பேச ஆளில்லாமல் அது மெல்லக் கரையும். தமிழ் போனால், ஆங்கிலம் தெரியாத பாட்டியோடு பேச்சும் குறையும். பிறகு போனில், `ஹாய் பாட்டி, பை பாட்டி' மட்டும்தான் மிஞ்சும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் அமெரிக்காவின் பல நகரங்களில் இருக்கின்றன. புது வகுப்புகள் பெரும்பாலும் கோடை முடிந்ததும் தொடங்கும் என்பதால், சேர்ப்பதற்கு இதுவே நேரம். அதோடு, தினமும் ஒரு போன். நியூ ஜெர்சியில் காலை 7.30 என்றால் இந்தியாவில் மாலை 5 மணி. இங்கே பிள்ளை இட்லி சாப்பிடும் நேரம், அங்கே பாட்டி காபி குடிக்கும் நேரம். `என்ன சாப்பிட்டே?' என்பதோடு நிறுத்தாமல், பாட்டி ஒரு கதையைப் பாதி சொல்லி, மீதியை நாளைக்கு வைக்கட்டும். மறுநாள் போனைத் தேடிக் குழந்தையே வரும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்று முதல் உங்கள் 7.30 மணி, ஊரில் மாலை 6 மணி. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தாத்தா 5 மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்!