லேசிக் செய்ததை மறைக்காதீர்கள்!

பெண் பார்க்க வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும் என்று 2000-களின் தொடக்கத்தில் லேசிக் செய்துகொண்டவர்களுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. வெள்ளெழுத்து வந்துவிட்டது. மைனஸ் பவர் அதிகமாக இருந்தவர்களுக்குக் கண்புரையும் சற்று முன்னதாகவே வரக்கூடும். ஆபரேஷனுக்குப் போனால், “மல்டிஃபோக்கல் லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், தூரம், கிட்டம் இரண்டுக்கும் கண்ணாடி வேண்டாம்” என்கிறார்கள். ஒருமுறை கண்ணாடியை விட்டவர்களுக்கு இதைவிட இனிப்பான பேச்சு ஏது?

ஆனால் லேசர் பட்ட கண், எல்லோருடைய கண்ணையும் போன்றது அல்ல. மல்டிஃபோக்கல் லென்ஸ் உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு போடுகிறது. அதனால் காட்சியின் துல்லியம் கொஞ்சம் குறையும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கிட்டப்பார்வைக்காக லேசர் செய்த கருவிழியோ நடுவில் தட்டையாக்கப்பட்டது. இருட்டில் கண்ணின் பாப்பா விரியும்போது, அந்தத் தட்டையான பகுதியின் ஓரத்து வழியே வரும் ஒளி ஏற்கெனவே சிதறியிருக்கும். சிதறிய ஒளியை மறுபடியும் பிரித்தால் என்ன ஆகும்? இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் அதைக் காட்டிவிடும். லேசருக்குப் பிறகு கண் வறட்சியும் இருந்தால் பார்வை இன்னும் மங்கும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கருவிழியின் முன்பக்க வளைவை அளந்து பின்பக்க வளைவை ஊகித்துக்கொள்வதுதான் வழக்கமான முறை. லேசிக் முன்பக்கத்தை மட்டுமே மாற்றுகிறது, ஊகம் பொய்த்துவிடுகிறது. பழைய சூத்திரத்தில் போட்டால், மைனஸ் 6 இருந்த கண்ணில் ஒரு டயாப்டருக்கு மேலேகூடத் தவறி, ஆபரேஷனுக்குப் பின் பிளஸ் பவர் வந்து நிற்கும். மல்டிஃபோக்கல் லென்ஸோ அரை டயாப்டர் தவறினாலே தடுமாறும்.

லேசிக் கண்களுக்கென்று ‘பாரெட் ட்ரூ-கே’ போன்ற தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. ஆனால் லேசிக் நடந்தது தெரிந்தால்தானே அவற்றைப் போட முடியும்! நம் ஊரில் அதை மாமியார் வீட்டுக்குச் சொல்லாமலே குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. டாக்டர் அறையிலும் பக்கத்தில் கணவரோ நாத்தனாரோ உட்கார்ந்திருந்தால் வாய் திறப்பதில்லை. ஆண்களில் பலர், ‘அது எப்போதோ நடந்தது’ என்று விட்டுவிடுகிறார்கள். பல வருடம் கழித்து லேசிக் தழும்பு மேலோட்டமான பரிசோதனையில் கண்ணில் படாமலும் போகலாம். கருவிழி வரைபடம் எடுத்தால் தெரியும். அவசரத்தில் அதைத் தவிர்த்துவிடும் இடங்களும் உண்டு.

சரியாகத் தேர்ந்தெடுத்த லேசிக் கண்களில் மல்டிஃபோக்கல் நன்றாகவே வேலை செய்கிறது என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இருக்கலாம். என்றாலும் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், கருவிழி வரைபடம் சீராக இல்லாதவர்களுக்கும் ஒற்றைக் குவிய லென்ஸும் படிக்க ஒரு கண்ணாடியும்தான் பாதுகாப்பு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் வழியும் உண்டு. அது ஒத்துவருமா என்று கான்டாக்ட் லென்ஸ் போட்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

லேசிக் செய்த வருடம், அதற்கு முன்பிருந்த பவர், பழைய கண்ணாடிச் சீட்டு, ரிப்போர்ட் எது கிடைத்தாலும் எடுத்துப்போய், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். முதல் கண்ணில் மல்டிஃபோக்கல் வைத்துத் திருப்தி இல்லையென்றால் இரண்டாவது கண்ணுக்குத் தேதி வாங்காதீர்கள். லென்ஸின் பின்னால் உள்ள சவ்வை யாக் லேசரால் திறக்கவும் அவசரப்படாதீர்கள். சவ்வைத் திறந்த பிறகு லென்ஸை மாற்றுவது மிகவும் சிக்கலான ஆபரேஷன்.