இடர்மிகு முதலீடு

பொருளைச் சேமித்தல் ஒன்று. அதனைத் தொழிலில் ஈடுபடுத்துதல் மற்றொன்று. வங்கியில் இட்ட பொருள் சிறு வட்டியோடு மீள்கின்றது. முளைவிடும் தொழிலொன்றில் இட்ட பொருளோ பன்மடங்காகப் பெருகவுங் கூடும். அடியோடு அழியவுங் கூடும். இவ்விரண்டாம் வகையே இடர்மிகு முதலீடு எனப்படும்.

தொடக்க நிலையிலுள்ள கம்பனிக்குத் தம் சொந்தப் பணத்தை உதவி, அதன் பங்குகளைப் பெறுவோரை அமெரிக்கர் ‘ஏஞ்சல்’, அதாவது தேவதை, என்பர். நியூயோர்க் நகரத்துப் புறோட்வே அரங்குகளில் நாடகம் மேடையேறப் பொருளுதவிய செல்வரைக் குறித்த சொல்லே பின்னர்த் தொழிலுலகிற்கும் வந்தது. இவர் கடன் கொடுப்பவர் அல்லர். கடன் கொடுத்தவர்க்கு வட்டியும் முதலுங் கேட்கும் உரிமை உண்டு. பங்காளர்க்கோ தொழில் வென்றாலன்றி யாதும் இல்லை.

1998 ஆம் ஆண்டிலே லாரி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் இருவர்க்கு, அண்டி பெக்டோல்ஷெய்ம் என்பார் 100,000 டொலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். பணத்தைப் பெறவேண்டிய ‘கூகிள்’ கம்பனி அன்று பதிவு செய்யப்படவேயில்லை. ஆறு ஆண்டுகளின் பின், 2004 இல், அதன் பங்குகள் ஒன்று 85 டொலராகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ஆயின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மளிகைப் பொருள்களை வீடுதோறுங் கொண்டு சேர்த்த ‘வெப்வான்’ கம்பனி 1999 இல் பங்குச் சந்தையை அடைந்து, 2001 இல் முறிந்தது. இவ்விரண்டிற்கும் முதலிட்டவருள் ‘செக்குவோயா’ என்னும் ஒரே நிறுவனமும் இருந்தது. தேர்ந்தோர் கண்ணுக்கும் வெற்றி முன்னதாகப் புலப்படுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலாற் பொருளைப் பலவிடத்தும் பிரித்திடுதலே முதல் விதியாகும். ஒருவர் 20 கம்பனிகளில் 5,000 ரூபா வீதம் ஓர் இலட்சம் இடுகின்றார் என எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அழிகின்றன, ஐந்து இட்டதையே தருகின்றன, இரண்டு மும்மடங்கும், ஒன்று இருபது மடங்கும் தருகின்றன. வரவு 155,000 ரூபா. பத்தாண்டு காத்திருந்தார்க்கு இது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய நாலரை வீதமேயாம். அவ்வொரு கம்பனியும் அழிந்திருப்பின் வரவு 55,000 மட்டுமே. பெருவெற்றி ஒன்றே ஏனைய தோல்விகளைச் சுமக்கின்றது.

இன்னும் இரு இடர்கள் உள. முதலாவது, இப்பங்குகளை வேண்டும்போது விற்றல் அரிது. இரண்டாவது, கம்பனி புதுப் பங்குகளை வெளியிடுந்தோறும் பழையவரின் உரிமைவீதம் குறையும். நூற்றுக்குப் பத்து உடையவர், புதியவர் நூற்றுக்கு இருபது பெற்றபின் எட்டே உடையவராவர்.

அமெரிக்கச் சட்டம் இத்தகைய தனியார் பங்கு விற்பனையைப் பெரும்பாலும், குடியிருக்கும் வீடு நீங்கலாகப் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட சொத்தோ, ஆண்டுக்கு 200,000 டொலருக்கு மேற்பட்ட வருமானமோ உடையோர்க்கே உரியதாக்கியுள்ளது. இழப்பைத் தாங்க வல்லாரே இதில் இறங்கலாம் என்பதே அதன் கருத்து.

ஆகவே, இத்துறையிற் புகுவோர் கடன்பட்டு முதலிடலாகாது. பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் வைத்த பணத்தைத் தொடலாகாது. தொழிலை நடத்துவோரின் ஒழுக்கம், கணக்கேடு, பழைய கடன்கள் ஆகியவற்றை ஆராய்ந்து, தமக்குரிய பங்கினை எழுத்திற் பெறல் வேண்டும். “இப்பணம் முழுவதும் போயினும் என் இல்லம் நிலைகுலையாதோ?” என்று தம்மைத் தாமே வினவுக. ‘ஆம்’ என்று துணிந்து கூற இயலாதவர்க்கு வங்கியின் சிறு வட்டியே பெரும் இலாபமாகும்.