காய்ந்தாலும் சாகாத வரைபட லைக்கன்

ஆல்ப்ஸ் போன்ற உயர்ந்த மலைகளின் கிரானைட் பாறைகளில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் திட்டுத் திட்டாக ஒன்று ஒட்டியிருக்கும். ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் கறுப்புக் கோடு. இரண்டு திட்டுகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் அந்தக் கோடு நாட்டு எல்லைபோல வளைந்து ஓடும். அதனால்தான் இதை வரைபட லைக்கன் என்கிறார்கள். அறிவியல் பெயர் ரைசோகார்பான் ஜியோகிராபிகம்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். பாசி வெயிலில் உணவு தயாரிக்கும். பூஞ்சை இடம் கொடுத்துக் காக்கும். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். வரைபட லைக்கனின் கறுப்பு விளிம்பில் பாசி கிடையாது, வெறும் பூஞ்சை மட்டுமே. அதுதான் முன்னால் போய்ப் பாறையில் இடம் பிடிக்கிறது.

இதற்கு வேர் இல்லை. மழை, மூடுபனி, உருகும் பனி இவற்றிலிருந்து நேரடியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் போனால் மொறுமொறுவென்று காய்ந்து, எல்லா வேலையையும் நிறுத்திவிடும். மறுபடி நனைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஆயுளில் பெரும்பகுதி இப்படிச் சும்மா கிடப்பதிலேயே கழிகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராததற்கு இதுவும் ஒரு காரணம்.

2005 மே மாதம் ஐரோப்பிய விண்வெளி முகமை, ஸ்பெயின் மலைகளில் எடுத்த இந்த லைக்கனை ரஷ்யாவின் ஃபோட்டான் எம்2 விண்கலத்தில் அனுப்பியது. சுமார் 15 நாள் வெற்றிடத்திலும் வடிகட்டாத புறஊதாக் கதிரிலும் கிடந்தது. திரும்பி வந்ததும் நனைத்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் ஒளிச்சேர்க்கை பழையபடி நடந்தது. விண்வெளியில் வாழ்ந்தது என்று சிலர் எழுதுவது சற்று மிகை. அங்கே அது வளரவில்லை, காய்ந்த நிலையில் தாக்குப்பிடித்தது. மஞ்சள் நிறத்தைத் தரும் ரைசோகார்பிக் அமிலம் புறஊதாக் கதிரை மறைக்கும் திரையாகவும் உதவுகிறது.

இந்த லைக்கனின் மெதுவான வளர்ச்சியை 1950களில் ஆஸ்திரிய ஆய்வாளர் ரோலண்ட் பெஷல் காலத்தை அளக்கும் அளவுகோலாக்கினார். பனியாறு பின்வாங்கினால் வெறும் பாறை வெளிப்படும். அதில் லைக்கன் குடியேறும். மிகப் பெரிய திட்டின் விட்டத்தை அளந்தால், பாறை வெளிப்பட்டு எத்தனை ஆண்டு ஆனது என்று கணிக்கலாம். வளரும் வேகம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், தேதி பொறித்த கல்லறைக் கற்களில் வளர்ந்த திட்டுகளை முதலில் அளந்து கணக்கைச் சரிபார்க்கிறார்கள். ஆர்க்டிக் பகுதியில் சில திட்டுகளுக்கு 8,000 ஆண்டுக்கு மேல் வயது சொல்கிறார்கள். தேதி பொறித்த கல்லறைக் கல் எதுவும் அவ்வளவு பழையது கிடையாது. அந்த எண்ணை மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.