மண்புழுவின் தப்பிக்கும் நடத்தை

மண்புழுவின் தப்பிக்கும் நடத்தை என்பது, தொடுதல், அதிர்வு ஆகியவற்றை உணர்ந்ததும் அது உடலைச் சட்டெனச் சுருக்கிக்கொள்வதாகும். உறையூர் அமைந்துள்ள காவிரிக்கரை உள்ளிட்ட ஈரமண் பகுதிகளில், வளைக்கு வெளியே தலைநீட்டும் புழுவைப் பறவையிடமிருந்து காப்பது இதுவே.

நரம்பு அமைப்பு

மண்புழுவின் வயிற்றுப்புற நரம்பு வடத்தில் மூன்று பெருநரம்பிழைகள் உடல் நெடுகச் செல்கின்றன. முன்பகுதியைத் தொட்டால் நடு இழை தூண்டப்பட்டுத் தலை பின்வாங்கும். பின்பகுதியைத் தொட்டால் பக்க இழைகள் இரண்டும் ஒன்றாக இயங்கி வால் சுருங்கும். பருத்த இழைகளில் செய்தி விரைந்து பரவும். மூன்றில் நடு இழையே பருமனானது, வேகமானது.

சூழலுக்கேற்ற மாற்றம்

ஒவ்வொரு அசைவுக்கும் ஒளிந்தால் புழு இரை தேட முடியாது. எனவே தீங்கற்ற மென்தொடுதல் தொடர்ந்தால் சுருக்கம் குறைகிறது. இது பழக்கமடைதல் எனப்படும். இது தசைச் சோர்வு அன்று. வேறொரு வலுவான தூண்டல் வந்தால் புழு மீண்டும் சுருங்கும்.

ஒப்பீடு

சுமார் 1 மி.மீ. நீளமுள்ள சீனோராப்டிடிசு எலிகன்சு என்னும் உருளைப்புழுவின் இருபாலுயிரிக்கு 302 நரம்பணுக்களே உள்ளன. இவற்றின் இணைப்பு வரைபடம் 1986-இல் வெளியானது. தலையைத் தொட்டால் இப்புழு பின்னோக்கி நகர்ந்து, பிறகு திசைமாறிச் செல்லும். வாலைத் தொட்டால் முன்னோக்கி விரையும். இதுவும் பழக்கமடைகிறது. நரம்பணுக்கள் சிலவேயானாலும், தொட்ட இடத்தையும் தொட்ட முறையையும் பொறுத்து விடை மாறுகிறது.