சத்தம் போடாத 9 வோல்ட்

மின் கிட்டார் வாசிப்பவரின் காலடியில் வரிசையாகக் கிடக்கும் சிறு உலோகப் பெட்டிகளைப் பெடல் என்பார்கள். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும், இன்னொன்று அலையாக நெளிய வைக்கும். பெரும்பாலானவை 9 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுபவை. பிளக் பாயிண்ட் இல்லாத தெருமுனையிலும் மொட்டைமாடியிலும் வாசிக்க ஆசைப்படுபவருக்கு, இந்தப் பெடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பேட்டரிப் பெட்டியைத் தானே செய்துகொண்டால் என்ன என்று தோன்றும். செய்யலாம். பேட்டரியில் மின்சாரத்தைச் சேமிப்பது இன்று சுலபம். அதைச் சத்தமில்லாமல் வெளியே எடுப்பதில்தான் சவால் இருக்கிறது.

கிட்டார் தரும் மின்குறி ஏறத்தாழ பத்தில் ஒரு வோல்ட்தான். கரகரப்பு உண்டாக்கும் பெடல்கள் அதைப் பல நூறு மடங்கு பெருக்கும். மின்வழங்கியிலிருந்து கசியும் நடுக்கமும் கூடவே பெருகிவிடும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. சாதாரண டிரான்ஸ்பார்மர் அடாப்டர் அதை டி.சி.யாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் நடுக்கம் மிஞ்சும். கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் ஒலி 82 ஹெர்ட்ஸ். அதாவது, அந்த உறுமல் இசை குடியிருக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேட்டரியில் இந்த அலைவே கிடையாது. அதன் உண்மையான மதிப்பு இதுதான்.

ரேடியோ தந்த பேட்டரி

1962இல் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடலுக்கு 1.5 வோல்ட் செல் இரண்டு போதுமாக இருந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோக்களால் 9 வோல்ட் செவ்வகப் பேட்டரி மூலைக் கடை வரை வந்ததும் பெடல்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் தொடங்கிய சிறு பெடல் வரிசை, அடாப்டர் பின்னின் நடுவில் மைனஸ், வெளியில் பிளஸ் என்ற வழக்கத்தைப் பரப்பியது. பல மின்கருவிகளில் இது நேர்மாறாக இருக்கும். பெடலில் இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. அடாப்டரைச் செருகும்போது உள்ளிருக்கும் பேட்டரி தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். அடாப்டர் செருகும் சாக்கெட்டில் விலகக்கூடிய தகடு வெளிப்புறத் தொடர்பில்தான் இருக்கிறது. பேட்டரியின் மைனஸ் கம்பியோ, கிட்டார் கேபிளைச் செருகினால் பெடல் இயங்கவும் பிடுங்கினால் அணையவும் ஏற்கெனவே இன்னொரு சாக்கெட்டில் மாட்டப்பட்டுவிட்டது. ஆகவே துண்டிக்க எஞ்சியது பிளஸ் மட்டுமே. அது வெளிப்பக்கம் போனது.

கணக்கு என்ன சொல்கிறது?

பழைய பாணி கரகரப்புப் பெடல் 10 மில்லியாம்புக்குள் அடங்கிவிடும். டிஜிட்டல் எதிரொலிப் பெடல்கள் 100 முதல் 300 மில்லியாம்ப் வரை கேட்கும். நாலைந்து பெடல் கொண்ட பலகைக்கு மொத்தம் 300 மில்லியாம்ப் என்று வைத்துக்கொள்வோம். செவ்வக அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லியாம்ப்-மணிக்குப் பக்கம். அதுவும் மெதுவாக எடுத்தால்தான். இந்தச் சுமையை அதனால் ஒரு கச்சேரி முழுக்கத் தாங்க முடியாது.

இங்கேதான் 18650 லித்தியம்-அயான் செல் கைகொடுக்கிறது. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்ற அளவே அதன் பெயர். ஒரு செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் அளவில் இருக்கும். மூன்றைத் தொடராக இணைத்தால் 12.6இல் தொடங்கி 9 வோல்ட்டுக்கு இறங்கும். செல்லின் கொள்ளளவு 2,600 மில்லியாம்ப்-மணி என்றால், 300 மில்லியாம்ப் சுமைக்கு எட்டு மணி நேரம் வரும்.

‘கைபேசி பவர் பேங்க் இருக்கிறதே, அதன் 5 வோல்ட்டை 9 ஆக உயர்த்திக்கொண்டால் போதாதா?’ என்று கேட்கலாம். இரண்டு சிக்கல்கள் உண்டு. பழைய பாணிப் பெடல் ஒன்றிரண்டை மட்டும் இணைத்தால் அவை உறிஞ்சும் மின்னோட்டம் மிகக் குறைவு. பல பவர் பேங்க்குகள் கைபேசி நிரம்பிவிட்டதாக எண்ணிப் பாட்டின் நடுவிலேயே அணைந்துவிடும். இரண்டாவது சிக்கல் சத்தம். மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு மாற்றிகள் நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகின்றன. அந்த வேகம் காதுக்கு எட்டாது. ஆனால் டிஜிட்டல் பெடலுக்குள் வேறொரு வேகத்தில் ஒரு கடிகாரச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் கலக்கும்போது அவற்றின் வித்தியாசம் ஒரு புதிய அதிர்வெண்ணாகப் பிறக்கும். அது சில ஆயிரம் ஹெர்ட்ஸில் விழுந்தால் கொசு ரீங்கரிப்பதாகக் கேட்கும். பேட்டரியின் அமைதியை நாமே கெடுத்துக்கொண்டதாக ஆகும்.

வெட்டாமல் குறைக்கும் லீனியர் ரெகுலேட்டர் இதற்கு மாற்று. மிகுதி அழுத்தத்தை அது சூடாக்கிக் கழித்துவிடும். இதிலும் தேர்வு முக்கியம். பரவலாகக் கிடைக்கும் 7809 ரெகுலேட்டர் 9 வோல்ட் தர, உள்ளே 11 வோல்ட்டாவது வர வேண்டும். மூன்று செல் பெட்டியில் பாதி மின்சாரம் மிச்சமிருக்கும்போதே அது தடுமாறத் தொடங்கும். 0.3 வோல்ட் இடைவெளியிலேயே வேலை செய்யும் ‘லோ டிராப்அவுட்’ வகையைப் போட்டால் செல் காலியாகும் தறுவாய் வரை 9 வோல்ட் நிலைக்கும்.

அடுத்து, ஒரு பெடலின் சத்தம் மின்கம்பி வழியே இன்னொன்றுக்குள் போகாமல் தடுக்க வேண்டும். பழைய பாணிப் பெடலுக்குப் போகும் வழியில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் பின் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. மோட்டார் விட்டுவிட்டு இறைத்தாலும் குழாயில் தண்ணீர் சீராக வரச் செய்யும் மேல்நிலைத் தொட்டியின் வேலையை அந்தக் கெப்பாசிட்டர் பார்க்கும். 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நடுக்கம் வடியத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்காகிவிடும். 10 மில்லியாம்ப் பெடலுக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். அதையே 300 மில்லியாம்ப் பெடலுக்குப் போட்டால் 3 வோல்ட் பறிபோகும். ஆகவே டிஜிட்டல் பெடலுக்குத் தனி ரெகுலேட்டர் வேண்டும். முடிந்தால் தனி பேட்டரியே வைப்பது இன்னும் நல்லது.

ஆபத்து எங்கே?

1966இல் லண்டனில் பிறந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பெடல்கள் சிலவற்றில் பிளஸ் முனைதான் சுற்றின் பொதுத் தரை (கிரவுண்ட்). மற்றப் பெடல்களில் மைனஸ் தரை. எல்லாப் பெடல்களின் தரையையும் கிட்டார் கேபிளின் உறை ஒன்றாக இணைக்கிறது. இரு வகைகளையும் ஒரே பேட்டரியில் மாட்டினால், அந்த உறை வழியாகவே பேட்டரியின் இரு முனைகளும் நேராகத் தொட்டுக்கொள்ளும். செவ்வகப் பேட்டரி என்றால் சூடாகிச் செத்துப்போகும். குறுக்குச்சுற்றில் 18650 செல்லோ பல பத்து ஆம்ப்களைக் கக்கும்; தீப்பிடிக்கும். இத்தகைய பெடலுக்குத் தனி பேட்டரிதான் ஒரே வழி.

இதே காரணத்தால் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 1 ஆம்ப் ஃபியூஸ் இருக்க வேண்டும். மிகை சார்ஜ், மிகை இறக்கம், குறுக்குச்சுற்று ஆகியவற்றைத் தடுக்கும் பி.எம்.எஸ். பலகை கட்டாயம். செல்கள் ஒரே வகையாக, ஒரே வயதுடையவையாக இருக்கட்டும். செல்லின் மீது நேரடியாகச் சால்டரிங் வைத்தால் சூடு உள்ளே இறங்கிக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வதே முறை. மூன்று செல் லித்தியம் தொகுப்புக்கென்றே உள்ள 12.6 வோல்ட் சார்ஜரால் மட்டும் ஏற்ற வேண்டும். வாசிக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடவும். இல்லாவிட்டால் துரத்திவிட்ட சத்தம் அந்த வழியாகத் திரும்ப வரும்.

பெட்டி தயாரானதும் மல்ட்டிமீட்டர் 9.0 என்று காட்டும். அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, கரகரப்புப் பெடலை உச்சத்துக்குத் திருப்பி, மற்றப் பெடல்களை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே கேளுங்கள். சீரான ‘சர்ர்’ பெடலின் இயல்பு, அதை விட்டுவிடலாம். அடித்தொண்டை உறுமல் கேட்டால் வீட்டு மின்சாரம் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் பக்கம் தேடுங்கள். மெல்லிய கீச்சொலி வந்தால், கடைசியாகச் செருகிய பெடலைத் தனி வழிக்கு மாற்றுங்கள்.